ஈஸியா, நார்மலா, ஹார்டா? கேம் டிஃபிகல்ட்டி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புது கேம் திறந்ததுமே டிஃபிகல்ட்டி, அதாவது எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆடிப் பார்க்காமல் எதை வைத்து முடிவு செய்வது?

நார்மலில் ஆரம்பியுங்கள், ஒரு மணி நேரம் ஆடுங்கள், அப்புறம் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். ஆனால் அதற்கு முன், நடுவில் மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 2018-ல் வந்த காட் ஆஃப் வாரில் உச்ச நிலையை எடுத்துவிட்டால் இறங்க வழியில்லை, வேண்டாம் என்றால் முதலிலிருந்துதான்.

கேள்வி: ஹார்டில் எதிரி சாகவே மாட்டேன் என்கிறான். சவாலாக இல்லை, அலுப்பாக இருக்கிறது. எனக்குத்தான் ஆடத் தெரியவில்லையா?

உங்கள் மேல் தப்பில்லை. ஹார்ட் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்களை விற்கிறார்கள். ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உச்ச நிலையான லெஜண்டரி வைத்தால் நீங்கள் கொடுக்கும் டேமேஜ் (அடியின் பாதிப்பு) கால் பங்காகிறது, வாங்குவது மூன்று மடங்காகிறது, அவ்வளவுதான். 20 டேமேஜ் கொடுக்கும் வாள் 5 கொடுக்கும். எதிரி புதிதாக ஒன்றும் செய்வதில்லை, அதே ஆள் அதே வீச்சோடு ஓடி வருகிறான், நீங்கள் நான்கு மடங்கு நேரம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்சர் 3 வேறு மாதிரி. மேல் இரண்டு நிலைகளில் தியானம் செய்தால் உடல்நலம் திரும்பாது, அதனால் சாப்பாடும் மருந்தும் திடீரென்று முக்கியமாகிவிடும், சண்டைக்கு முன்னால் யோசிக்க ஆரம்பிப்பீர்கள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் ஹார்ட் ஏறலாம் என்பேன். முதல் வகை என்றால் தயங்காமல் இறக்கிவிடுங்கள், ஸ்கைரிமில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கேள்வி: ஈஸியில் முடித்தால் கணக்கில் சேராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

சேரும். செலஸ்ட் எவ்வளவு கடினமான கேம் என்று உங்கள் நண்பர்களுக்கே தெரியும், அதைச் செய்தவர்களே வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும், சாகாமலே ஆடவும் உள்ளே வழி வைத்திருக்கிறார்கள். ஹேடிஸ் கேமில் காட் மோட் என்ற உதவி வசதியைப் போட்டால் வாங்கும் டேமேஜ் 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், 80 வரை. விட்டுவிட்டுப் போகாமல் கதையை முடிக்க வேண்டும் என்றுதானே அதை வைத்தார்கள்? வேலை முடித்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவரை இப்படிக் கேலி செய்து விரட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கேள்வி: எல்டன் ரிங்கில் டிஃபிகல்ட்டி மாற்றும் ஆப்ஷனே இல்லையே. மார்கிட் என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மெனுவில் இல்லை, உலகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பாஸை விட்டுவிட்டுத் தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் போங்கள், லெவல் ஏற்றுங்கள், ஆயுதத்தை மேம்படுத்துங்கள். எலே தேவாலயத்தில் ரென்னா என்ற பாத்திரத்தைப் பார்த்தால் உங்களுக்காகச் சண்டை போடும் ஓநாய் ஆவிகள் கிடைக்கும், அவை மார்கிட்டின் கவனத்தை இழுக்கும்போது நீங்கள் பின்னாலிருந்து அடிக்கலாம். பேட்சஸ் என்ற வியாபாரி விற்கும் 'மார்கிட்டின் விலங்கு' என்ற சங்கிலிப் பூட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் அவனை அப்படியே தரையோடு கட்டிப்போடும்.

கேள்வி: சண்டை பிடிக்கும், புதிர் என்றால் தலைவலி.

ஷேடோ ஆஃப் த டூம் ரைடரில் சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் தனித்தனியாக வைக்கலாம். சண்டையை ஏற்றி, புதிரை ஈஸியில் போடுங்கள்.

கேள்வி: சிவிலைசேஷன் 6-ல் உச்ச நிலையான டெய்ட்டியில் ஏஐ (கணினி ஆடும் எதிரணி) அவ்வளவு புத்திசாலியா?

புத்தி அதேதான், முன்தொகைதான் அதிகம். நீங்கள் ஒரு செட்லரோடு (நகரம் அமைக்கும் குழு) தொடங்கும்போது ஏஐ மூன்றோடு தொடங்குகிறது, உற்பத்தி, அறிவியல் என்று போனஸ்கள் வேறு. இரு பக்கமும் சலுகை இல்லாத நிலையின் பெயர் பிரின்ஸ். அதில் நிம்மதியாக ஜெயிக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள். டெய்ட்டியில் முதல் 50 டர்னில் (ஆட்டச் சுற்றில்) பின்தங்கியிருப்பது சகஜம், அதைப் பார்த்து ரீஸ்டார்ட் அடிக்காதீர்கள்.

கேள்வி: பழைய ரெசிடென்ட் ஈவில் 4-ல் நாலைந்து முறை செத்த பிறகு அதே இடம் சுலபமாகத் தெரிந்தது. பிரமையா?

பிரமை இல்லை. 2005-ல் வந்த அந்த கேம் உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நன்றாகச் சுட்டு, அடி வாங்காமல் போனால் எதிரிகள் மூர்க்கமாவார்கள், அடிக்கடி செத்தால் தணிவார்கள், சில இடங்களில் ஆட்களே குறைவார்கள். இதெல்லாம் திரையில் எங்கேயும் காட்டாது. இந்த விட்டுக்கொடுத்தல் வேண்டாம் என்றால் புரொஃபஷனல் என்ற நிலையில் ஆடுங்கள், அதில் கடினத்தின் அளவு எப்போதும் உச்சத்திலேயே நிற்கும்.