நார்வேயில் மகள் வீட்டுக்குப் போக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் சொந்த வீடு, மாதம் 38 ஆயிரம் பென்ஷன். மகளும் மருமகனும் ஆஸ்லோவில் வேலை பார்க்கிறார்கள், பேரனுக்கு வருகிற ஜூனில் முதல் பிறந்தநாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வந்து இருங்கள் என்கிறாள் மகள். மருமகன் செலவில் இரண்டு மாதம் உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நான்கையும் 12 நாளில் காட்டுவதற்குத் தலைக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் என்கிறார். அதில் போய், மகள் வீட்டில் நாலு நாள் மட்டும் தங்கிவிட்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம். சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சம், மூன்று எஃப்.டி.களில் தலா 3 லட்சம் இருக்கிறது, ஒன்று பிப்ரவரியில் முதிர்கிறது. எஃப்.டி.யை உடைக்கலாமா? பணத்தை எப்படிக் கொண்டுபோவது? குளிருக்கும் அந்த ஊர்ப் பழக்கத்துக்கும் எப்படித் தயாராவது?

பதில்: உடைக்க வேண்டாம் ஐயா. பிப்ரவரியில் முதிர்கிற 3 லட்சமும், சேமிப்புக் கணக்கிலிருந்து ஒன்றே கால் லட்சமும் போதும். மற்ற இரண்டு எஃப்.டி.யும் உங்கள் வயதில் ஆஸ்பத்திரிக்கு வைத்திருக்கிற பணம், அதில் கை வைக்கக் கூடாது. பேக்கேஜுக்கு இருவருக்கும் சேர்த்து 9 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது, அதாவது உங்கள் மொத்த எஃப்.டி.யும் போய்விடும். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி வேறு பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். நீங்களே டிக்கெட் எடுத்து, ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற கார்டு) பணம் ஏற்றிக்கொண்டு போனால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அந்தப் பிடித்தமே கிடையாது, இது 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. எல்லாவற்றையும் விட, பேரனைப் பார்க்கத்தானே போகிறீர்கள், 12 நாளில் நான்கு நாடு என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் குழந்தை உங்களிடம் ஒட்டுவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிடும்.

என் கணக்கு இது. விமான டிக்கெட் இருவருக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் (சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, துபாய், தோஹா மாதிரி ஓர் ஊரில் மாற வேண்டும், சீக்கிரம் எடுத்தால் இன்னும் குறையும்). விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 25 ஆயிரம். இன்ஷூரன்ஸுக்கு 30 ஆயிரம், துணிமணி, ஷூவுக்கு 25 ஆயிரம். அங்கே கைச்செலவுக்கு 1 லட்சம், நார்வேயின் மேற்குக் கடற்கரை ஊரான பெர்கன் போய்வர 60 ஆயிரம். கூட்டினால் 4 லட்சத்து 20 ஆயிரம்.

மருமகன் செலவில் இருப்பது பற்றிச் சொன்னீர்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன், அதனால்தான் அந்த 1 லட்சத்தைத் தனியாக வைத்தேன். அது ஊர் சுற்ற இல்லை, மகள் வீட்டு மளிகைக்கு. கடைக்குப் போகும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரேமா 1000, கிவி, கூப் எக்ஸ்ட்ரா என்று ஊர் முழுக்க மலிவு விலைக் கடைகள் இருக்கின்றன, நம்மூர்ச் சாமான் வேண்டுமென்றால் க்ரோன்லாண்ட் பக்கம் போனால் தமிழ்க் கடைகளே உண்டு, ஈழத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் நடத்துகிறார்கள். அந்த நாட்டுப் பணமான க்ரோன் ஒன்று பத்து ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருக்கும், நீங்கள் பத்து ரூபாய் என்றே மனக்கணக்குப் போடுங்கள், கையில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும், திறந்திருக்கிற சின்னக் கடையில் விலை அதிகம், ஆகவே சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

நார்வே செலவு பிடிக்கிற ஊர் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஹோட்டலில் தங்கி, மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் அது உண்மைதான், ஒரு காபியே 45, 50 க்ரோன், சாதாரண ஹோட்டலில் ஒரு சாப்பாடு 200 க்ரோனுக்கு மேல். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அப்படி வாழ்வதில்லை. ஆபீஸ் போகிறவரும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் மலையேறுகிறவரும் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள், ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒட்டாமல் இருக்கக் காகிதம் வைத்துக் கட்டுவார்கள். அதற்கு மாட்பக்கே என்று பெயர். நம்முடைய கட்டுச்சோறுதான். புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்லோ பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், மிக நல்ல தண்ணீர், பாட்டில் தண்ணீருக்கு ஒரு க்ரோன்கூடச் செலவழிக்காதீர்கள். டிப்ஸ் எதிர்பார்க்கிற ஊரும் இல்லை, கார்டு மெஷின் கேட்டாலும் பில் தொகையை மட்டும் போடலாம். விகெலாண்ட் சிற்பப் பூங்கா, ஓபரா ஹவுஸின் சரிந்த கூரைமேல் ஏறி நடப்பது, அதன் பக்கத்தில் 2020இல் திறந்த டைக்மன் நூலகம் எல்லாம் இலவசம். நகர பஸ் டிக்கெட்டிலேயே படகில் ஏறி ஹோவெடோயா தீவுக்குப் போய்வரலாம். அங்கே 67 வயது ஆனவர்களுக்கு பஸ், ரயிலில் பாதிக் கட்டணம், வெளிநாட்டவருக்கும் உண்டு. உங்களுக்கு அரை டிக்கெட், உங்கள் மனைவிக்கு முழு டிக்கெட் எடுக்க வேண்டும், பாஸ்போர்ட் நகல் பையில் இருக்கட்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் ஆயிரம் க்ரோனை ஒட்டி வரும். விமான நிலையத்திலிருந்து வரும்போதும் ஃப்ளைடோகெட் என்ற தனி ரயிலில் ஏறாதீர்கள், வீ என்ற சாதாரண ரயில் சில நிமிடம்தான் கூட எடுக்கும், டிக்கெட் ஏறக்குறைய பாதி விலை.

கடைகளில் எல்லாம் கார்டுதான், ரொக்கத்தை மக்கள் மறந்தே விட்டார்கள். செல்போனில் விப்ஸ் என்ற ஆப் மூலம் பணம் அனுப்பிக்கொள்வார்கள், அது அந்த நாட்டு அடையாள எண் உள்ளவர்களுக்குத்தான், உங்களுக்கு வேலை செய்யாது. ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும்போது நார்வே க்ரோன் ஏற்ற முடியுமா என்று கேட்டுப் பிறகு வாங்குங்கள். பல கார்டுகளில் யூரோவும் டாலரும்தான் இருக்கும், யூரோவை ஏற்றிக்கொண்டு போய் க்ரோனில் செலவழித்தால் ஒவ்வொரு தடவையும் 3 சதவீதத்துக்கு மேல்கூடப் பிடிப்பார்கள். கூடவே ஒரு டெபிட் அல்லது கிரெடிட் கார்டை வெளிநாட்டில் பயன்படுத்தும்படி பேங்க் ஆப்பில் ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம்மில் ரோமிங்கும் இருக்கட்டும். மெஷின் சில சமயம் ரூபாயா, க்ரோனா என்று கேட்கும். எப்போதும் க்ரோன்தான். ரூபாய் என்று அமுக்கினால் அவர்கள் போடுகிற மாற்று விகிதத்தில் நமக்கு நஷ்டம்.

நான் பிடிவாதமாகச் சொல்கிற ஒரே செலவு இன்ஷூரன்ஸ். விசாவுக்கு 30,000 யூரோ கவரேஜ் இருந்தால் போதும், அதனால் ஏஜென்ட் மலிவானதை நீட்டுவார். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்ளே தனித்தனி உச்சவரம்பு போட்டிருப்பார்கள், மேலே பெரிய தொகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த வரம்பு இல்லாததாக, 1 லட்சம் டாலருக்குக் குறையாமல் எடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், எழுதாவிட்டால் கிளெய்ம் நிற்காது. வந்து போகிறவர்களுக்கு அங்கே அரசு மருத்துவம் இலவசம் இல்லை. மருந்தை டாக்டர் சீட்டோடு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூன் நெரிசல் காலம், மார்ச்சைத் தாண்டவிடாதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 500 க்ரோன் கணக்கில் பணம் இருப்பதைக் காட்டுவது பொது விதி, இரண்டு மாதத்துக்கு இருவருக்கும் 6 லட்சம் ரூபாய் அளவு வருகிறது. மகள் உத்தரவாதப் படிவம் கொடுத்தால் இந்தப் பளு குறையும். உடைக்காமல் வைத்திருக்கிற எஃப்.டி. ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள், அதுவே பெரிய பலம். பிப்ரவரியில் 3 லட்சம் திடீரென்று கணக்கில் விழுந்திருப்பது எங்கிருந்து என்று கேள்வி வரலாம், முதிர்வுச் சான்றை வங்கியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேரனுக்கு நகை. பிறந்தநாளுக்குத் தங்கச் சங்கிலி கொண்டுபோகிற எண்ணம் நிச்சயம் இருக்கும். கொண்டுபோகிற பரிசுப் பொருள்களுக்கு 6,000 க்ரோன் வரைதான் வரி கிடையாது, இன்றைய தங்க விலையில் அரைப் பவுனுக்கே அந்த வரம்பு போய்விடும். அதற்கு மேல் என்றால் விமான நிலையச் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் ஊருக்கு வரும்போது இங்கேயே போடுங்கள், அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நெய், பால்கோவா, கறி எதுவும் பெட்டியில் வேண்டாம், இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை. ஊறுகாய், மசாலாப் பொடிக்குப் பிரச்சினை இல்லை.

குளிரைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம், ஜூன், ஜூலையில் ஆஸ்லோவில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். கனத்த ஜாக்கெட்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். நல்ல மழைக்கோட்டு, உள்ளே போட ஒரு கம்பளி பனியன், நனையாத, நடக்க வசதியான ஷூ இவை மட்டும் வாங்குங்கள், ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ராத்திரி பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், காலை நாலு மணிக்கு முன்பே விடிந்துவிடும், கண்ணை மூடிக்கொள்ள ஒரு பட்டையும் பையில் இருக்கட்டும்.

பழக்கவழக்கத்தில் உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அங்கேயும் அப்படித்தான். ஆனால் ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஐந்துக்கே போய் நிற்க வேண்டும், சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தால் மனம் நோகாதீர்கள், அடுத்தவருக்கு இடம் விடுவதை அவர்கள் மரியாதையாக நினைக்கிறார்கள். யார் வீட்டிலாவது சாப்பிட்டு எழுந்தால் "தக் ஃபொர் மாட்டன்" என்று சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம், சின்னக் குழந்தைகள்கூடச் சொல்லும். குழந்தையைத் தள்ளுவண்டியில் திறந்தவெளியில் தூங்கவைப்பதைப் பார்த்து உங்கள் மனைவிக்குப் பதறும், அது அங்கே வழக்கம், மகளோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

பெர்கன் ரயிலுக்கு முன்கூட்டியே எடுத்தால் குறைந்த விலை டிக்கெட் கிடைக்கும், ஏறக்குறைய 7 மணி நேரம், வழியில் மலைமேல் ஜூனிலும் பனி பார்க்கலாம். மகளை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள், அதற்கான பணத்தை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.