உதவித்தொகை, கல்விக் கடன், நாளைய வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அரசின் கல்வித் திட்டங்கள் மாணவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்று கல்லூரி கல்லூரியாகப் போய் ஆய்வு செய்வது என் வேலை. பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான்கு வருடம் கழித்து எந்தத் துறையில் ஆள் தேவைப்படும் என்று ஆய்வுகள் சொல்லுமா? அதைப் பார்த்து மகனுக்குப் பாடம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். (விழுப்புரம் பக்கம் ஒரு விவசாயி)

ஐயா, அப்படித் துல்லியமாகச் சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை. முயற்சி செய்யாமல் இல்லை. இதற்கென்றே 1962-இல் டெல்லியில் ஒரு மனிதவள ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். கல்வியைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த 1964–66 கோத்தாரி குழுவும் எத்தனை பொறியாளர் வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்குப் போட்டது. கணக்கு எளிது: தொழில் வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு இத்தனை பொறியாளர் வேண்டும். நடந்தது வேறு. 1965-இல் போர், அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை இல்லை, 1966 முதல் மூன்று வருடம் ஐந்தாண்டுத் திட்டமே நின்றுபோனது. வேலை காத்திருக்கிறது என்று நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வந்தபோது வேலை இல்லை. கடைசியில் பொறியியல் இடங்களையே குறைக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலேயே சொல்கிறேன். போன வருடம் தக்காளி விலை ஏறியது என்று ஊரே தக்காளி போட்டால், அறுவடை நேரத்தில் என்ன ஆகும்? பொறியாளர் சந்தையிலும் இதே சுழற்சி உண்டு என்று 1970-களில் ரிச்சர்ட் ஃபிரீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் காட்டினார். இன்றைய சம்பளத்தைப் பார்த்துச் சேருகிறார்கள், நான்கு வருடம் கழித்துக் கூட்டமாக வெளியே வருகிறார்கள். ஒரு காலத்தில் மெக்கானிக்கலும் சிவிலும் கிடைக்காதா என்று ஏங்கிய நம் ஊரில்தான் பிறகு அந்த இடங்கள் காலியாகக் கிடந்தன. கல்லூரிகள் 500-ஐத் தாண்டிப் போய், அப்புறம் ஒவ்வொன்றாக மூடப்பட்டதையும் பார்த்தோம்.

மக்கள்தொகையோடு கட்டுண்ட வேலைகளை மட்டும் ஓரளவு கணிக்கலாம். ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேரப்போகும் குழந்தை ஏற்கனவே பிறந்துவிட்டது, எண்ணிக்கை கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.4 குழந்தை என்று மத்திய அரசின் 2020 பிறப்பு-இறப்பு மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. ஆகவே ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி பி.எட். எடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதியோர் கூடிக்கொண்டே போவதால் செவிலியர் தேவை குறையாது. மற்ற துறைகளில் பையனுக்கு எதில் கை ஓடுகிறதோ அதைப் பாருங்கள். அடிப்படைக் கணக்கும் எழுத்தும் பலமாக இருந்தால் பின்னால் துறை மாறுவதும் கஷ்டமில்லை.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மகளுக்கு ஏழு மாதமாக வரவில்லை. கல்லூரியில் கேட்டால் "எல்லாம் அனுப்பியாச்சு" என்கிறார்கள். (ஒரு தாய், தர்மபுரி)

அம்மா, முதலில் மகளின் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டது என்று பாருங்கள். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் எழுதினீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும்.

ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாஸ்புக்கை என் முன்னால் விரித்து வைத்து, "பாருங்க சார், ஒரு ரூபாய் வரல" என்றாள். உண்மைதான், அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. விசாரித்ததில், எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முகாம் வைத்து ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஆதார் இணைப்பும் இருக்கிறது. வீட்டில் பரணில் கிடந்த அந்தப் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பதிவு போட்டால், இரண்டு வருடப் பணமும் அங்கே இருந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் அப்பா கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இதைச் சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு ஆள் இருந்தால் போதும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் இப்போது மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. இரண்டும் தனித்தனியாக வரும். ஒன்று வந்து மற்றது வராமல் இருக்கலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சலுகை உண்டா?

இல்லை தம்பி. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் கூட்டம் அலைமோதும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு ஏற்கிறது. அதை முதலில் பாருங்கள்.

மூன்று லட்சம் கல்விக் கடனுக்கு நிலப் பத்திரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (சிவகங்கை)

கொடுக்காதீர்கள். நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. ஏழரை லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு கொடுக்க மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியும் உண்டு. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் வட்டியை அரசு கட்டும். வட்டியை மட்டும்தான், அசல் உங்களுடையது. "அரசு தள்ளுபடி செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் எம்.ஃபில். முடித்தவள். புதுமைப்பெண் திட்டத்தால் பெண்கள் கல்லூரியில் சேர்வது கூடியதா என்று ஆய்வு செய்ய ஆசை. முன்னும் பின்னும் ஒப்பிட்டால் போதுமா?

போதாது. இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 5. அதற்கு முந்தைய வருடம் கொரோனாவால் பிளஸ் டூவில் அனைவரும் தேர்ச்சி. அந்த வருடத்தை அடிப்படையாக வைத்து ஒப்பிட்டால் கணக்கு கோணலாகிவிடும்.

ஆனால் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் இரண்டு வருடம் மாதம் 1,000 ரூபாய் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024-25 முதல்தான் வந்தது. ஒரே ஊரில், ஒரே மாதிரிக் குடும்பத்தில், ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு குழுவின் போக்கையும் வைத்துப் பாருங்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வனும் 2024 ஆகஸ்டில்தான் வந்தது என்பதால், அரசுப் பள்ளிப் பையன்களும் ஒப்பிட உதவுவார்கள்.

பீகாரில் 2006-இல் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்ததைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். பையன்களோடும் ஒப்பிட்டு, பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டு, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதைக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சேர்க்கையோடு நிறுத்தாமல், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த விவரத்தைத்தான் யாரும் எடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம் என்றால் பாதிப் பேர் பட்டதாரியா?

இல்லை. 18 முதல் 23 வயது வரையான மக்கள்தொகைக்கு எதிரே எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற விகிதம் அது, 2021-22 கணக்கு. இந்தியா முழுக்கப் பார்த்தால் 28.4. முடித்தவர் கணக்கு வேறு.

"100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று பேனர் வைத்திருக்கிறார்கள். நம்பலாமா? (கரூர்)

பேனரை விடுங்கள். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் தேசியத் தரவரிசையில் (NIRF) பங்கேற்கும் கல்லூரிகள் அதற்குக் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச்சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக இருக்கும். ஒரு கல்லூரியில் வரவேற்பறைப் பலகையில் ஒரே பெண்ணின் படம் மூன்று நிறுவனங்களின் கீழே இருந்தது. மூன்று ஆஃபரும் அவளுக்கே. அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.