மறு: நீர்மட்டப் பலகையில் களிம்பேறிய செம்புத் தடங்கள்

வணக்கம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் காட்டும் சுற்றுப்பலகையைக் குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசையால் மூடியும், மூன்றே மாதங்களில் செம்புத் தடங்கள் பச்சை பூத்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். மழைநீரைவிடச் சிலிக்கானையே நான் முதலில் சந்தேகிப்பேன். பிதுக்கும்போது வினிகர் நெடி அடித்ததாகத் தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். அவ்வகைச் சிலிக்கான் காற்றின் ஈரத்தால் இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் அடியில் அடைபட்டுச் செம்பை அரிக்கிறது. மேலும், ஈரம் மேலிருந்து மெல்ல ஊடுருவ வேண்டியிருப்பதால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். தடிமனாக அப்பினால் அடிப்பகுதி நெடுநாள் பிசுபிசுத்தே கிடக்கும்.

அடுத்து, பலகையை மூட எபாக்சிப் பிசின் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெயிலில் கிடக்கும் பலகைக்கு அது வேண்டாம் என்பேன். கல்லாக இறுகும் எபாக்சி பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது பலகையிலுள்ள பீங்கான் கெப்பாசிட்டர்களில் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உறுப்புகளில்) விரிசல் விழக்கூடும். பிறகு பழுதுபார்ப்பதும் அரிது. மின்னணுச் சாதனங்களுக்கென்றே விற்கப்படும், இரு கூறுகளைக் கலந்து ஊற்றும் மென்மையான சிலிக்கானை வாங்குங்கள். அது பிளாட்டினம் வினையூக்கி கொண்டதானால் ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்யாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் பட்ட இடம் இறுகாமல் போகும்.

பலரும் கவனிக்கத் தவறுவது கம்பியைத்தான். பல இழைக் கம்பியின் உறைக்குள், இழைகளின் இடுக்கு வழியே நீர் ஊர்ந்து பலகை வரை வந்துவிடும். ஆகவே கலவைக்குள் அமிழும் பகுதியில் சிறிதளவு உறையை உரித்து, இழைகளின் இடுக்கு நிரம்பும்வரை பற்றவைக்கும் ஈயத்தை உருக்கிப் பாய்ச்சிய பின்னரே ஊற்றுங்கள்.