'இன்கல்கேட்' என்றால் 'கற்பி'தானே, ஏன் பிழை போட்டார்கள்?

"வீ மஸ்ட் இன்கல்கேட் டிசிப்ளின் டு த ஸ்டூடன்ட்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். உயர்தர வகுப்பில் (ஏ/எல்) படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழை அந்த 'டு'வில் இருக்கிறது. "மாணவர்களுக்கு" என்று தமிழில் நினைத்து எழுதும்போது நான்காம் வேற்றுமை 'டு'வாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'இன் த ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதுங்கள், 'இன்டு'வும் சரி.

ஏன் 'இன்' என்பது வேரைப் பார்த்தால் விளங்கும். லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் குதிக்கால். மண் சுவர் வைக்கக் களியைக் குழைப்பவர் குதிக்காலால் திரும்பத் திரும்ப உழக்குவாரே, அந்த மிதிதான் இந்தச் சொல்: ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்துக்குள் பதிய வைப்பது. உள்ளே போவதால்தான் 'இன்'. ஒரு மிதியில் களி பதமாகாது. அதனால் பழக்கம், ஒழுக்கம், நம்பிக்கை போன்றவற்றுக்கே இது பொருந்தும். "இன்கல்கேட் மேத்ஸ்" என்று எழுதக்கூடாது. கணக்குக்கு 'டீச்' போதும்.

'இன்ஸ்டில்' இதற்குத் தங்கை. 'ஸ்டில்லா' என்றால் துளி. சங்கில் பால் எடுத்துக் குழந்தையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுகிறோமே, நம் 'புகட்டு' அச்சொட்டாக அதுதான். கண்ணுக்கு மருந்து விடுவதற்கும் இதே வினை. இதற்கும் 'இன்'தான். நமது பரீட்சைக்குப் பிரித்தானிய எழுத்து என்பதால் கடைசியில் ஒரு 'எல்'. இறந்தகாலத்திலும் 'இங்' சேரும்போதும் இரண்டு.

'இம்பியூ' வந்தால் வாக்கியம் தலைகீழாகும். மருதமுனைத் தறிக்குப் போகும் நூலைச் சாயத்தில் தோய்ப்பதுபோல: ஆள் முன்னால், பண்பு 'வித்'துக்குப் பின்னால். "இம்பியூ தெம் வித் கரேஜ்."

நீங்கள் தேடிய 'டு' 'இம்பார்ட்' என்ற வினைக்கு உரியது. "இம்பார்ட் நாலெட்ஜ் டு ஸ்டூடன்ட்ஸ்" முழுக்கச் சரி.

"இன்கல்கேட் தெம் வித்" என்பதையும் அகராதிகள் ஏற்கின்றனவே என்று யாராவது கேட்கலாம். ஏற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விடைத்தாள் திருத்துபவர் எல்லோரும் அதை ஏற்பார் என்று நம்பி எழுதாதீர்கள்.

எனக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கைமாறும் ரியூசன் குறிப்புகளில் இந்த நான்கு வினைக்கும் எதிரே 'கற்பித்தல்' என்று ஒரே சொல்லைப் போட்டு, பின்னால் வரும் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் நாற்பது சொல்லைப் பாடமாக்குகிறார்கள், ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை. கொப்பியில் வினையைத் தனியே எழுதாமல் 'இன்கல்கேட் சம்திங் இன் சம்வன்' என்று முழுதாக எழுதி வையுங்கள்.