நெடுஞ்சாலையில் ஸ்பீடு கன் வைத்து அபராதம் போடுவது பாதுகாப்புக்கா, வசூலுக்கா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: சென்னையிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் எங்கேயோ ஸ்பீடு கன்னில் மாட்டியிருக்கிறார், மூன்று நாள் கழித்து போனில் 1000 ரூபாய்க்கு சலான் வந்திருக்கிறது, ரோடு காலியாகத்தானே இருந்தது, இது யாருடைய பாதுகாப்புக்கு என்கிறார்.

உங்களுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும், வண்டி புதுசு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடித்த கையோடு கிளம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான் அந்த ரோட்டில் பத்தொன்பது வருடமாகப் போய்வருகிறேன். பம்புசெட் உதிரிபாக வியாபாரம், மாதத்துக்கு நாலு தடவையாவது திருச்சி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். வேகத்துக்கு இதுவரை மூன்று முறை மாட்டியிருக்கிறேன். மூன்றில் ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

2023 ஆவணியில் பெரம்பலூர் பக்கம் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான், மனைவி, மாமியார். மாமியாருக்கு முட்டி வலி, காலை நீட்ட வேண்டும் என்பதால் முன்சீட்டில் அவர். விழுப்புரம் தாண்டி ஒரு மேம்பாலம் (ஊர் பெயர் வேண்டாம், எதற்கு வம்பு). பாலத்தில் ஏறி இறங்கினால் வண்டி தானாகவே பத்து கிலோமீட்டர் கூடப் போகும், ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இறக்கம் முடிகிற இடத்தில் புளியமர நிழலில் இன்டர்செப்டர், அதாவது ஸ்பீடு கன் வைத்த போலீஸ் வண்டி. நூறடி தள்ளி ஒரு கான்ஸ்டபிள் ரோட்டுக்குள் வந்து கையைக் காட்டினார்.

எஸ்.ஐ. மரியாதையானவர், அதையும் சொல்லிவிடுகிறேன். திரையைத் திருப்பிக் காட்டினார். 104. என் வண்டி, நம்பர் பிளேட், ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் மூஞ்சி, பக்கத்தில் வாயில் பாதி முறுக்கோடு மாமியார். அவ்வளவு தெளிவான படம் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

நான் சட்டம் பேசினேன். நாலு வழிச் சாலையில் காருக்கு 100 என்று 2018 ஏப்ரலிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டதே என்றேன். "இங்க 80 சார், போர்டு பாக்கலையா?" என்றார். போர்டு இருந்தது. பாலம் ஏறும்போது, வேப்பங்கிளைக்குப் பின்னால். அந்த 2018 அறிவிப்பையும் 2021இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது, நல்லவேளை அவரும் அதைச் சொல்லவில்லை. அப்புறம், 100 என்றே வைத்துக்கொண்டாலும் நான் போனது 104. அதை மாமியார் எடுத்துச் சொன்னார். "மாப்ள, நூறுன்னாலும் நாலு கூடத்தானே வருது?" என்று.

என் கோபம் 1000 ரூபாய் மேல் இல்லை. அந்த இடத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர் இருக்கிறது. நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி, ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பால் சொசைட்டியும் பள்ளிக்கூடமும். சப்வே கிடையாது, மேம்பாலம் கிடையாது, சர்வீஸ் ரோடு பாதியில் முடிந்துவிடும். ஆள், மாடு, சைக்கிள், டிராக்டர் எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். அங்கே ஒரு நாளும் நான் போலீஸ் வண்டியைப் பார்த்ததில்லை. அதனால் எஸ்.ஐ.யிடம் கேட்டேன், சார், இந்த இடத்தில் ஆளே இல்லை, முயல்கூடக் குறுக்கே வராது, அந்த ஊர் கிட்ட நின்று பிடிக்கலாமே.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க நின்னா நம்ம வண்டிய தூரத்துலயே பாத்துட்டு எல்லாரும் மெதுவா வந்துர்றாங்க சார். ஒருத்தரும் மாட்ட மாட்டாங்க. எனக்கு சாயங்காலம் கணக்கு சொல்லணும்ல?"

கேட்டவரே, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த ஒரு வாக்கியம்தான். அங்கே நின்றால் எல்லாரும் மெதுவாக வருகிறார்களாம். அதற்குத்தானே ஐயா நிற்க வேண்டும்?

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. "நீ வேகமாப் போனது தப்பு இல்லையா?" தப்புதான். "போலீஸை மட்டும் குறை சொல்றியா?" இல்லை. அந்த எஸ்.ஐ.க்கு வெயிலில் நிற்க ஆசையா என்ன, மேலே இருந்து கேட்கிறார்கள், அவர் கணக்குக் காட்டுகிறார். "வேகத்தால்தான் இத்தனை சாவு, தெரியுமா?" தெரியும். 2022இல் நாடு முழுக்க சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு எழுபத்தொன்று அதிவேகக் கணக்கில் வருகிறது என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாடு, 64,105. இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். யாராவது படித்திருக்கிறீர்களா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி இல்லாத விபத்து எஃப்.ஐ.ஆரை நான் பார்த்ததே இல்லை. சந்தில் விளக்கு இல்லை, போர்டு மரத்துக்குப் பின்னால், லாரி இருட்டில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் நின்றது, இதெல்லாம் எழுதுவதற்கு அந்தப் பேப்பரில் இடமே இருக்காது. வேகம் காரணம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதோடு சேர்ந்து நின்ற மற்ற காரணங்களெல்லாம் அந்த வரிக்குள் புதைந்துவிடுகின்றன என்கிறேன்.

வேகம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதே சந்தில், மாட்டியதற்கு இரண்டு வருடம் முன்னால், பொழுது சாய்ந்து ஹெட்லைட் போடலாமா வேண்டாமா என்கிற நேரம். நான் 95 இருக்கும். நடுத்தடுப்பின் அரளிச்செடிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது, இரண்டு பக்கமும் பால் கேன், ஒரு பெரியவர் தள்ளிக்கொண்டு. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி நின்றபோது பம்பருக்கும் அவருடைய வேட்டிக்கும் நடுவே ஒரு கை அகலம். அவர் பயத்தில் சைக்கிளை விட்டுவிட்டார், ஒரு கேன் சாய்ந்து மூடி உருண்டு போனது, பால் தார் ரோட்டில் என் முன் டயர் வரைக்கும் ஓடி வந்தது. இறங்கினேன், எனக்குக் கால் நிற்கவில்லை. அவர் என்னைத் திட்டவே இல்லை. குனிந்து கேனை நிமிர்த்தி, உள்ளே பார்த்து, "மூணு லிட்டரு போச்சு" என்றார். நூறு ரூபாய் கேட்டார், ஐந்நூறு நீட்டினேன், நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நானூறு ரூபாய் இன்றைக்கும் கனக்கிறது.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 80இல் போனால் சுதாரிக்க ஒரு விநாடி, அப்புறம் பிரேக், நிற்பதற்கு ஏறக்குறைய 57 மீட்டர். 100இல் போனால் 83 மீட்டர். கேட்க என்னவோ 26 மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் 80இல் வந்தவன் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், 100இல் வந்தவனுடைய வண்டி இன்னும் கிட்டத்தட்ட 68இல் போய்க்கொண்டிருக்கும். 68இல் மோதினால் பால் கேனோடு போகாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் 104 போனேன் என்றால், ரோடு காலியாக இருந்தது. நீங்கள் சொல்கிற அதே பதில்தான். மனுஷ புத்தி.

வேகத்தைப் பிடித்தால் பலன் இருக்காது என்று யாராவது சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையைப் பாருங்கள். 2023 மார்ச்சில் திறந்தார்கள், முதல் சில மாதத்திலேயே சாவு கூடிக்கொண்டே போனது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பிரதான பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டருக்குத் தடை போட்டார்கள். 100க்கு மேல் போனால் கேஸ் என்று வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள், பிறகு ரோட்டின் நீளத்துக்கும் கேமரா வைத்தார்கள். அடுத்த வருடம் சாவு நன்றாகவே குறைந்தது. மைசூரில் இருக்கிற அக்கா பையன் சொல்வான், "மாமா, எங்க வேணா கேமரா இருக்கும், அதனால வழி முழுக்க 98தான்" என்று. அது வேறு, மரத்தடியில் ஒளிந்து நின்று ஒரு மணி நேரத்தில் இத்தனை கேஸ் என்று எழுதிவிட்டுப் போவது வேறு. ஒளிந்து பிடித்தால் அந்த மரம் வரும்போது மட்டும் பிரேக் போடுவான், தாண்டியதும் மறுபடி மிதிப்பான். எதிரே வருகிறவனும் லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டிக் கொடுப்பான், நம் ஊரில் முன்பின் தெரியாதவன் நமக்குச் செய்கிற ஒரே உதவி அதுதான்.

சென்னையிலும் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கலாம். 2023 ஜூனில் பகலில் 40, இரவில் 50, தாண்டினால் கேமரா தானாகவே அபராதம் போடும் என்றார்கள். ஊரே சிரித்தது. அப்புறம் நவம்பரில் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் 30 என்று திருத்தினார்கள். யாரும் நம்பாத ஒரு லிமிட்டை வைத்துப் பிடித்தால், அது பாதுகாப்புக்கென்றே இருந்தாலும் மக்கள் வசூல் என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1000 ரூபாய் என்பது அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டதில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் புதிய தொகை அமலுக்கு வந்தது, அதுவரை கார் வேகத்துக்கு 400. ஆனால் கேமரா, ஸ்பீடு கன் மாதிரிக் கருவி வைத்துப் பிடிப்பதற்கு 2021 ஆகஸ்டில் விதி 167ஏ என்று ஒன்று வந்திருக்கிறது. அப்படிக் கண்காணிக்கிற பகுதியில் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும், அதில் படம், இடம், தேதி, நேரம், கருவி காட்டிய வேகம் எல்லாம் இருக்க வேண்டும், கருவிக்கு வருடா வருடம் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும். சலானைத் திறந்து இதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலேயே புகார் போடலாம். இருந்தால் கட்டிவிடுங்கள், நான் கட்டினேன்.

கட்டுவதற்கு முன்னால் அது உங்கள் வண்டிதானா என்றும் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2019இல் என் பழைய காரை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், "ஒரே வாரத்துல பேர் மாத்திடலாம் சார்" என்றான். இன்று வரை மாற்றவில்லை. வண்டி எவனிடம் இருக்கிறது என்றே தெரியாது, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடுகிறது போல, சலான் மட்டும் என் போனுக்கு வருகிறது. சீட் பெல்ட், நோ பார்க்கிங், வேகம், ஒன்றுவிடாமல். புரோக்கருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் வாங்கினவரைக் கூட்டிவாருங்கள் என்கிறார்கள், அவர் யார் என்று தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்? ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வண்டி எங்கேயாவது ஒரு பால்காரரைத் தட்டிவிட்டால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வண்டி விற்கிறவர்கள் தயவுசெய்து பேர் மாறின ஆர்.சி. நகலைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

அந்தச் சந்தில் போன பொங்கலுக்கு இரண்டு பேரிகேட் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தார்கள், மேலே ஏதோ துணிக்கடை விளம்பரம். போலீஸ் இல்லை, கேமரா இல்லை. எனக்கு முன்னால் ஆம்னி பஸ் உட்பட எல்லா வண்டியும் முப்பது நாற்பதில் ஊர்ந்துதான் போனது. வசூல் ஒரு ரூபாய் கிடையாது.

உங்கள் சலானில் இடம் என்று என்ன போட்டிருக்கிறது? கமெண்டில் போடுங்கள், அந்தப் புளியமரமா என்று பார்த்துச் சொல்கிறேன்.