முதல் பிரசவத்துக்கு டூலா தேவையா? மருத்துவச்சியும் டூலாவும் ஒருவரா?

இருவரும் ஒருவர் அல்லர். டூலா என்பவர் பிரசவத்தின்போதும் அதன் பிறகும் தாய்க்குத் துணையாக இருப்பவர்; மருத்துவம் பார்ப்பவர் அல்லர். சென்னையில் என் தலைப்பிரசவத்துக்கு அப்படி ஒருவரை வைத்துக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிப்பது, கருப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, சிக்கல் தென்பட்டால் மருத்துவரை அழைப்பது எல்லாம் பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் பொறுப்பு. இந்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதற்கெனச் செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சியை வகுத்துள்ளன. டூலா இவற்றில் எதையும் செய்யக்கூடாது. செய்வதாகச் சொல்பவரை நீங்கள் நாடவே வேண்டாம்.

அப்படியானால் டூலாவுக்கு என்னதான் வேலை என்றால், நம்மை விட்டு அகலாமல் இருப்பதுதான். செவிலியர்கள் ஒரே நேரத்தில் பலரைக் கவனிக்க வேண்டும், நடுவே ஷிப்டும் மாறும். எனக்கு வலி பெரும்பாலும் இடுப்பில்தான் எடுத்தது. ஒவ்வொரு முறை வலி எழும்போதும் அவர் என் பின்னிடுப்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்திக்கொண்டே, மூச்சை வாய்வழியே மெல்ல விடச் சொல்வார். வலி விட்டதும் ஒரு மிடறு இளநீர் கொடுத்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவோ நடக்கவோ வைப்பார். எங்கே அழுத்த வேண்டும் என்று என் கணவருக்கும் காட்டிக்கொடுத்ததால், அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை.

பிரசவத்தின்போது தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு சொல்கிறது. அதற்காக, டூலா இருந்தால் சிசேரியனே நேராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

பணம் தடையாக இருந்தாலும் துணைக்கு வழி உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க இடமளிக்கப்படுகிறது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள அக்காவோ அத்தையோ, பதறாதவராகவும் பயமுறுத்தும் கதை சொல்லாதவராகவும் இருந்தால் போதும். தனியார் மருத்துவமனைகளில் சில ஒருவரை மட்டுமே உள்ளே விடும்; கணவரா டூலாவா என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

எனக்கு டூலாவின் அருமை உண்மையில் புரிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்துகொள்ள, பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்த என்னிடம், பால் போதவில்லை, புட்டிப்பால் கொடு என்ற பேச்சு எழுந்தது. டூலா வந்து, காம்பை மட்டுமன்றி அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போகும்படி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்ற என் மாமியாரிடம், "அம்மா, உங்கள் பத்தியச் சாப்பாடு அப்படியே இருக்கட்டும், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்" என்று இதமாகச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். எனக்குக் காரணமற்ற அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தாலும், காய்ச்சலோ கடும் தலைவலியோ மிகுந்த உதிரப்போக்கோ வந்தாலும், தன்னைக் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போகும்படி எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்.

ஆகவே, செலவைப் பார்த்து, பிரசவ நேரம், அதற்குப் பிந்தைய வாரங்கள் என்ற இரண்டில் ஒன்றுக்குத்தான் டூலாவை வைத்துக்கொள்ள முடியும் என்றால், பிரசவ அறைக்கு உறவினரை அழைத்துச் சென்று, டூலாவைப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களுக்கு அமர்த்திக்கொள்வேன். கட்டணம் பேசும்போது, அந்த நாள்களில் அவர் எத்தனை முறை வீட்டுக்கு வருவார் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.