28 வெற்றி இருந்தும் இடமில்லை, ஏன்?

2024-ல் 28 ஆட்டம் ஜெயித்த இந்தியானா ஸ்டேட்டை விட்டுவிட்டு, 14 தோற்ற நார்த் கரோலினா ஸ்டேட்டை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியான மார்ச் மேட்னஸில் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அங்கே எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரே லீக் கிடையாது. 350-க்கும் மேற்பட்ட முதல் டிவிஷன் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற தனித்தனி லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன. அந்த வருடம் 68 இடங்களில் 32 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. மீதியைத் தேர்வுக் குழு நிரப்பியது. நார்த் கரோலினா ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து தன் கான்ஃபரன்ஸான ஏசிசியின் கோப்பையைத் தூக்கிவிட்டது. அப்புறம் யார் தடுப்பது? இந்தியானா ஸ்டேட்டோ தன் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் டிரேக் அணியிடம் தோற்று, குழுவின் தயவுக்குக் காத்திருந்தது. சின்ன கான்ஃபரன்ஸில் பலமான எதிரணிகள் குறைவு என்பதால் அந்த 28 வெற்றி எடுபடவில்லை. என்னைக் கேட்டால் அநியாயம்தான்.

அடுத்த முறை கான்ஃபரன்ஸ் போட்டிகளிலிருந்தே பாருங்கள். கிட்டத்தட்ட பாதி இடம் அங்கேயே முடிவாகிவிடும்.